இருவரில் யார் மோசம்

வேகவைத்து ஆறிய நண்டுகள் எஃகு மேசைமேல் வந்து கொட்டின. வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தாமலேயே கத்தியை எடுத்தார்கள். கொடுக்கைப் பிடித்து, கத்தியின் பின்புறத்தால் ஒரு தட்டு. ஓடு விரிந்ததும் மெல்லிய கம்பியால் வெள்ளைச் சதையை உடையாமல் உருவி எடுக்க வேண்டும். அதில் ஓட்டுத் துணுக்கு ஒன்று கிடந்தாலும் சதை அடுக்கிய தட்டு திரும்பி வந்துவிடும். தரையில் எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாலும் குளிர் எப்படியோ உள்ளே வந்து சேர்ந்துவிடும்.

தோரா பள்ளிக்கூடம் முடித்த வருடத்திலிருந்து இந்த வரிசையில் நிற்கிறாள். அவள் கை வேகத்துக்கு ஈடு கொடுக்க அங்கே யாரும் இல்லை என்று ஒரு காலத்தில் பேர். இப்போது காலையில் மட்டும்தான் அந்தப் பேர் செல்லும். மத்தியானத்துக்கு மேல் இடது கால் அவளுடையது இல்லை. இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விரல் நுனிகளில் ஊசி குத்தும். மாலை ஆனால் மூளைக்குள் யாரோ விளக்கை அணைத்துவிட்டதுபோல ஒரு களைப்பு வரும். அது சாதாரண அலுப்பு இல்லை, தூங்கினாலும் போகாது. இதெல்லாம் வெளியே தெரியாது. பார்க்கிறவர்களுக்குத் தோரா நிமிர்ந்து நடக்கிற பெண்பிள்ளை.

அவளுக்கு நேர் எதிரே நிற்பவள் இங்கா. இங்காவுக்கும் அதே நோய்தான், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையை உடம்பே தின்றுவிடுகிற நோய். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் அதன் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, எம்.எஸ். என்றால் போதும். சொந்தத்தில் ஒருவருக்காவது, இல்லாவிட்டால் தெருவில் ஒருவருக்காவது அது இருக்கும். இங்காவுக்கு வந்தது பிந்தித்தான். ஆனால் அவளுக்கு நடை தள்ளாடும். மடக்குகிற கைத்தடி ஒன்று வைத்திருந்தாள், ஊதா நிறத்தில். அந்தத் தடியைக் கண்டாலே தோராவுக்கு வயிறு எரியும். அதைப் பார்த்ததும் ஆட்கள் கதவைத் திறந்துவிடுவார்கள், கடையில் வரிசையை விட்டுக்கொடுப்பார்கள், "பாவம்" என்பார்கள். தோராவை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கடித்துத் துப்பியிருப்பாள் என்பது வேறு விஷயம்.

இருவருக்கும் பின்னால் ஆளுக்கொரு உயரமான முக்காலி இருந்தது. முடியாதபோது கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கிய சலுகை. வரிசையில் வேறு யாருக்கும் முக்காலி கிடையாது.

அன்று தேநீர் நேரத்துக்கு முன் சூப்பர்வைசர் ஹெடில் வந்து மேசை ஓரத்தில் நின்றான். இருவருடனும் ஒரே வகுப்பில் படித்தவன்தான். ஏதாவது சொல்லச் சங்கடமாக இருந்தால் காதைச் சொறிவான். இப்போது சொறிந்தான்.

"பெல்லா இந்த வாரத்தோட நின்னுக்கறா. எடை ரூம் நாற்காலி காலியாகுது. உங்க ரெண்டு பேருல ஒருத்திக்குக் குடுக்கலாம்னு மேலே சொல்லிட்டாங்க. ஒருத்திக்குத்தான்."

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் எடை அறையை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. காய்ந்த தரை, ஹீட்டர், சுழலும் நாற்காலி. நாள் முழுக்க உட்கார்ந்தபடியே தட்டை வாங்கி, எடை போட்டு, அனுப்புகிற வேலை. அந்த நாற்காலி கிடைத்தால் ஓய்வு வயதுவரை ஓட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் இந்த ஈரத்தில் இன்னும் எத்தனை குளிர்காலம் தாங்கும் என்று இருவருமே தனித்தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

"யாருக்குன்னு யார் முடிவு பண்றது?" என்றாள் இங்கா.

"யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்களுக்கு. அதை நான் எப்படிச் சொல்ல? நான் என்ன டாக்டரா? ஆஸ்பத்திரில இப்ப நோயாளிங்க நடந்து காட்டறதைப் படம் எடுக்கறாங்களே, அந்தப் படத்தைக் கேட்டிருக்காங்க. ரெண்டு பேரும் சம்மதம்னு சொன்னாப் போதும். அக்கரை டாக்டருங்க பாத்துட்டுச் சொல்லிடுவாங்க."

"நீதான் தினம் பாக்கறியே எங்களை," என்றாள் தோரா.

"நான் பாத்தா செல்லாதாம்மா. படம் பாத்தாத்தான் செல்லும்," என்று ஹெடில் காதைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

அன்று மாலை தோரா அடுப்படியில் உருளையையும் டர்னிப்பையும் சேர்த்து மசித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். புருஷன் எர்லன்ட் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். தீவுகளுக்கு இடையே ஓடும் படகில் கயிறு கட்டுகிற வேலை அவனுக்கு. நல்ல மனிதன். அதுதான் தொந்தரவே.

"இங்காவுக்குக் கிடைச்சா நல்லா இருக்கும். பாவம், புருஷன் வேற விட்டுட்டுப் போயிட்டான்," என்றான்.

"அப்ப எனக்கு?"

"உனக்கென்ன? நீ கல்லு மாதிரி இருக்கே." அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். "நேத்துக்கூடப் படகுல சொல்லிட்டிருந்தேன், எம்.எஸ்.ஸாவது ஒன்னாவது, எங்க வீட்டுக்காரி நடையைப் பாருங்கடான்னு."

தோரா மசிக்கிற கரண்டியைப் பாத்திரத்தில் ஓங்கி வைத்தாள். மூன்றாம் வீட்டுக்காரியின் தள்ளாட்டம் அவன் கண்ணில் படுகிறது. தன் பக்கத்தில் படுத்திருப்பவள் கால் மரத்துப்போய் விடியும்வரை விழித்துக் கிடப்பது படவில்லை. அவள்தான் சொன்னதே இல்லையே. சொல்லாமலே தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தாள். இங்காவின் கஷ்டம் மட்டும் சொல்லாமலே தெரிகிறதே என்ற ஆத்திரத்தில் அவன் தட்டில் சாப்பாட்டை அள்ளிப் போட்டாள்.

படம் எடுக்கும் அன்று வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்று முடிவு செய்தாள். நடிக்க வேண்டாம். உள்ளதை மறைக்காமல் இருந்தாலே போதும். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மத்தியானத்தில் நேரம் கேட்டாள்.

"மத்தியானம் முடியாதும்மா," என்றாள் நர்ஸ் மேவிஸ். "எனக்கு இருக்கறதே அந்த ஒரு நடைபாதை. மத்தியானம் ஆனா சாப்பாட்டு வண்டியும் பாக்க வர்ற கூட்டமுமா நிறைஞ்சுடும். கேமராவுக்கு முன்னாடி ஆள் குறுக்க வந்தா எல்லாம் பாழ். காலைல வந்துடுங்க, நீயும் இங்காவும் சேந்தே. கேமராவை ஒரு தடவை செட் பண்ணினாப் போதும் எனக்கு."

எர்லன்ட் லீவு போட்டு இருவரையும் வேனில் கூட்டிப் போனான். முன்னால் ஒரு இருக்கைதான். அதில் இங்காவை ஏற்றி, பெல்ட் போட்டுவிட்டு, தடியை மடக்கி அவள் மடியில் வைத்தான்.

"நீ பின்னாடி ஏறிடுவே இல்ல?" என்று தோராவைப் பார்த்துச் சொன்னான். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

தோரா ஏறினாள். தன் வீட்டு வேனில், ஈரக் கயிறுகளுக்கும் நண்டுக் கூடைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து டவுன்வரை போனாள். முன்னால் இங்கா ஏதோ சொல்ல, எர்லன்ட் சிரித்தான். எஞ்சின் சத்தத்தில் என்ன பேச்சு என்று கேட்கவில்லை. கேட்காததே இன்னும் மோசமாக இருந்தது.

மேவிஸ் நடைபாதையின் கோடியில் கேமராவை வைத்திருந்தாள். தரையில் நீளமாக ஒரு நீலப் பட்டை ஒட்டியிருந்தது. சுவரோரம் பெஞ்சு ஒன்று. அது சின்ன ஆஸ்பத்திரி. காத்திருக்கிறவர்கள் உட்காருவதும், நோயாளி நடந்து காட்டுவதும் ஒரே இடத்தில்தான்.

"எப்படி இருக்கீங்க கண்ணுங்களா?"

"பரவாயில்ல," என்றாள் தோரா.

"பரவாயில்ல," என்றாள் இங்கா.

அந்தத் தீவில் சாகக் கிடப்பவனும் அதைத்தான் சொல்வான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் தம்பட்டம் அடிக்கிறான் என்று பேர் வந்துவிடும். நோயாக இருந்தாலும் அப்படித்தான்.

"முன்னாடியெல்லாம் டாக்டர் நேர்ல பாத்து மார்க் போடுவாரு," என்று மேவிஸ் கேமராவைத் திருகிக்கொண்டே சொன்னாள். "ஒரே ஆளுக்கு ஒருத்தர் பாஸ் போடுவாரு, இன்னொருத்தர் ஃபெயில் போடுவாரு. அதனால இப்ப மார்க் இல்ல. ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு, இவங்க ரெண்டு பேருல யார் மோசம்னு மட்டும் கேப்பாங்க. அதுல டாக்டருங்களுக்குள்ள சண்டை அவ்வளவா வர்றதில்லையாம். மூஞ்சியை மறைச்சுடுவாங்க, சத்தமும் இருக்காது. வெறும் உடம்புதான். கவலைப்படாதீங்க."

தோராவை முதலில் அறைக்குள்ளே கூப்பிட்டாள், அங்கே சின்னக் கேமரா ஒன்று தனியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கைகளை நீட்டி, ஒரு விரலைக் கொண்டுவந்து மூக்கைத் தொட வேண்டும். வலது விரல் தொட்டது. இடது விரல் கன்னத்தில் போய் முட்டியது. வழக்கமாக இருந்தால் சட்டென்று திருத்திக்கொண்டு சிரித்திருப்பாள். இன்று அப்படியே விட்டாள். தோராவுக்கு உடம்பு முழுக்கக் கூசியது. ஆனாலும் சரியாகத்தான் போகிறது என்று தோன்றியது.

"இப்ப வெளிய நடந்துடலாம். பட்டை மேலயே போய், திரும்பி வா. அப்புறம் குதிகாலை விரலோட ஒட்டி ஒட்டி வச்சு ஒரு தடவை."

மேவிஸ் கதவைத் திறந்தாள். பெஞ்சில் எர்லன்ட்டும் இங்காவும் உட்கார்ந்திருந்தார்கள். இங்காவின் கோட்டு எர்லன்ட்டின் மடியில். ஊதாத் தடி அவன் முழங்கால்களுக்கு நடுவில். அவன் அதன் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி ஏதோ கேலி செய்ய, இங்கா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு இருவரும் தோராவைப் பார்த்தார்கள். இங்காவின் பார்வை நேராகத் தோராவின் இடது காலுக்குப் போனது.

அந்தக் கணத்தில் நாற்காலி, ஹீட்டர், காய்ந்த தரை எல்லாம் தோராவின் தலையைவிட்டுப் போயின. இவள் முன்னால் தள்ளாடுவதா? இவளும் இவனும் சேர்ந்து உட்கார்ந்து பாவம் பார்க்க, நான் நடந்து காட்டுவதா?

முதுகை நிமிர்த்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடியெடுத்து வைத்தாள். இடது காலை இடுப்பிலிருந்து தூக்கி, எங்கே வைக்க வேண்டும் என்று கண்ணால் பார்த்து வைத்தாள். வியர்வை முதுகில் வழிந்தது. பட்டையைவிட்டு ஒரு விரல்கூட விலகவில்லை. திரும்பும் இடத்தில் தடுமாற்றம் வந்தபோது மூச்சை அடக்கி நின்று, ஏதோ ஜன்னலைப் பார்க்க நின்றவள்போலத் திரும்பினாள். குதிகாலை ஒட்டி வைத்து நடந்ததும் அப்படியே. பெஞ்சைக் கடக்கும்போது எர்லன்ட் சொன்னது காதில் விழுந்தது.

"நான் சொன்னேன்ல, கல்லு மாதிரி."

இந்த முறை அது இனித்தது. இங்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. அது இன்னும் இனித்தது.

அடுத்து இங்காவின் முறை. உள்ளே போய் வந்தாள். தோரா அதற்குள் பெஞ்சில் எர்லன்ட்டை ஒட்டி உட்கார்ந்து, அவன் கையோடு தன் கையைக் கோத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டிலேயே அப்படி உட்காருவதில்லை. எர்லன்ட் விநோதமாகப் பார்த்தான். அவன் கையை எடுக்க முடியாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கோத்திருந்த அந்தக் கைகளை இங்கா பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் புருஷன் நோயின் பேரைக் கேட்ட அடுத்த மாதமே எண்ணெய்க் கிணற்றுக்கு வேலைக்கு என்று போனவன், லீவுக்குக்கூடத் திரும்பவில்லை.

"இதைப் பிடி," என்று தடியைத் தோராவின் மடியில் வைத்தாள்.

"தடியோடயே நடக்கலாம்மா," என்றாள் மேவிஸ். "அதையும் காட்டலாம், தப்பில்ல."

"வேண்டாம். அவ தடி இல்லாமத்தானே நடந்தா."

"நேத்து போன்ல, படி ஏற முடியலன்னு அழுதியே?"

"நேத்து நேத்து. நீ கேமராவைப் போடு மேவிஸ்."

இங்கா நடந்தாள். முதல் சில அடிகளில் தோள் ஆடியது. பிறகு எங்கிருந்துதான் வந்ததோ, உடம்பைக் கயிற்றால் இழுத்துக் கட்டியவள்போல நடந்தாள். உதடு வெளுத்திருந்தது. பட்டையின் கோடிவரை போய், சுவரைத் தொடாமல் திரும்பி, வந்தாள்.

தோரா உண்மையில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எதிராளி நன்றாக நடக்க நடக்க, நாற்காலி தன் பக்கம் வருகிறது. ஆனால் அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை. என்னைவிட இவள் நன்றாகத் திரும்பினாளே என்றுதான் நெஞ்சு எரிந்தது. அவள் விழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். இங்கா விழவில்லை.

"ரெண்டு பேரும் அசத்திட்டீங்க போ!" என்றான் எர்லன்ட், கை தட்டாத குறையாக.

மேவிஸ் கேமராவை அணைத்தாள். "ஏண்டி இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டாள், யாரைக் கேட்கிறாள் என்று தெரியாதபடி. "நான் எடுத்ததைத்தான் அனுப்ப முடியும். எனக்குத் தெரிஞ்சதை அனுப்ப முடியாது. வேணும்னா இன்னொரு நாள் வாங்க, தனித்தனியா எடுக்கறேன்."

"எதுக்கு? நல்லாத்தானே வந்துச்சு," என்றாள் தோரா.

"ஆமா. இதுவே போதும்," என்றாள் இங்கா.

அவர்கள் இருவரும் ஒரே பேச்சாகப் பேசியது அன்று அது ஒன்றுதான்.

வேனுக்கு வந்ததும் எர்லன்ட் இங்காவை முன்னால் தூக்கி உட்காரவைத்தான். இங்காவின் கைகள் பெல்ட்டின் கொக்கியைப் பிடிக்க முடியாமல் உதறின. பின் கதவில் ஏறக் காலைத் தூக்கிய தோராவுக்கு இடது கால் அப்படியே மடங்கியது. சக்கரத்தில் தோள் மோத, சரளைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். எர்லன்ட் இன்னும் கொக்கியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பக்கவாட்டுக் கண்ணாடியில் இங்காவின் கண்கள் தெரிந்தன. அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கா எர்லன்ட்டிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தோராவும் கூப்பிடவில்லை. கதவைப் பிடித்து, கையின் பலத்தில் எழுந்து, கயிறுகளின் மேல் போய் விழுந்தாள்.

பதில் வந்த அன்று ஹெடில் சிரித்துக்கொண்டே வந்தான். காதைச் சொறியவில்லை.

"நல்ல சேதி! டாக்டருங்க மூணு பேர் தனித்தனியாப் பாத்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல சொல்ற மாதிரி வித்தியாசமே இல்லையாம். ரெண்டு பேரும் எந்தத் துணையும் இல்லாம நல்லாவே நடக்கறாங்கன்னு எழுதியிருக்காங்க."

"விரல்?" என்றாள் தோரா. "மூக்கைத் தொடச் சொன்னாங்களே, அது?"

"விரலைப் பத்தி ஆளுக்கு ஒன்னு சொல்லியிருக்காங்களாம். நாற்காலிக்கு நடைதானே முக்கியம்னு கம்பெனில அதை எடுத்துக்கல."

"அப்ப நாற்காலி யாருக்கு?" என்றாள் இங்கா.

"அதான் சொல்றேனே. யாருக்கும் முடியாம இல்லைங்கும்போது யாருக்குன்னு குடுக்கறது? குடுத்தா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? இப்போதைக்கு எடையை நானே பாத்துக்கறேன்." அவன் குனிந்து தோராவின் பின்னால் இருந்த முக்காலியைத் தூக்கினான். பிறகு சுற்றி வந்து இங்காவினுடையதையும் தூக்கினான். "இதை நான் கேக்கல, மேலேயிருந்து சொல்லிட்டாங்க. ஈரத் தரையில இது கிடந்தா தடுக்கி விழுவாங்களாம். உடம்பு முடியாதவங்களுக்காகத்தான் இவ்வளவு நாள் விட்டு வச்சிருந்தாங்க. இப்பத்தான் அந்தப் பிரச்சினையே இல்லையே."

ஒரு கைக்கு ஒரு முக்காலியாகத் தூக்கிக்கொண்டு அவன் போனான். நண்டுகள் மேசையில் வந்து கொட்டின. தோரா கத்தியை எடுத்தாள். இங்காவும் எடுத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஹெடில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, தேநீர்க் குவளையை ஹீட்டரின் மேல் வைத்தான்.

மத்தியானம் தாண்டியதும் தோராவின் கால் வழக்கம்போல அவளைவிட்டுப் போனது. பழக்க தோஷத்தில் பின்னால் கையை நீட்டி முக்காலியைத் தேடினாள். கை காற்றில் துழாவியது. மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து இன்னும் ஒரு தட்டை முடித்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பெண்களின் கழிப்பறைக்குப் போனாள். உட்காரத் தொழிற்சாலையில் வேறு இடம் இல்லை. மூடியைப் போட்டுவிட்டு அதன்மேல் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

இருந்த ஒரே கதவும் உள்ளே தாழிட்டிருந்தது. கீழ் இடைவெளியில் இரண்டு வெள்ளை பூட்ஸ் தெரிந்தன. நீட்டிய கால்கள். பக்கத்தில் ஊதா நிறத் தடியின் நுனி.

தோரா ஈரச் சுவரில் முதுகைச் சாய்த்தாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை, அசைவும் இல்லை. வெறுமனே உட்கார்ந்திருக்கிறாள். எதிர் இடம் எப்போது காலியானது என்று தோரா கவனித்திருக்கவில்லை, எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாளோ.

கையால் கதவைத் தட்டினாள்.

"போதும்டி. எந்திரி."

தோரா மறுபடியும், இன்னும் ஓங்கித் தட்டினாள்.